இரண்டு விலான், நடுவே சுவர்

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் லேயர்-3 சுவிட்ச் போட்டோம். அலுவலகத்துக்கு விலான் 10, கேமராக்களுக்கு விலான் 20. ஐபி கொடுத்தும் அலுவலகக் கணினியில் கேமரா தெரியவில்லையே?
– வாசகர், சித்தையன்கோட்டை

பதில்: விலான் பிரிப்பதே அதற்குத்தானே! சேர்த்துவைக்க வேண்டியது ரௌட்டிங். பல சிஸ்கோ சுவிட்சுகளில் ‘ஐபி ரௌட்டிங்’ கட்டளையை நாமே கொடுக்க வேண்டும். விலான் இன்டர்ஃபேஸ்களுக்கு 192.168.10.1, 192.168.20.1 என வையுங்கள். கணினிக்கு முன்னது, கேமராவுக்குப் பின்னது கேட்வே. கோளாறு பெரும்பாலும் இங்கேதான்: கேமராவில் பழைய ரௌட்டர் முகவரியே கிடக்கும், பதில் திரும்பாது. விலான் 20-இல் ஒரு போர்ட்டாவது இயங்காவிட்டால் அந்த இன்டர்ஃபேஸ் எழாது. இணையத்துக்கு, சுவிட்சில் ரௌட்டரை நோக்கி டீஃபால்ட் ரூட். ரௌட்டரிலும் இரண்டு விலானுக்கும் திரும்பும் வழி. எல்லாம் ஓடியதும் கட்டமைப்பைச் சேமியுங்கள். இல்லையேல் மின்தடை வந்தால் அழிந்துவிடும்.