கடைக் கணக்கும் பொதுத் தரவு மையமும்

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-இல் கட்டப்பெற்ற பரதேசி யூத ஆலயத்திற்குச் செல்லும் ஜூ டவுன் தெரு, மிளகு, ஏலம், சுக்கு வணிகத்திற்குப் பெயர் பெற்றது. 1957-இல் நிறுவப்பெற்ற இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் மண்டபம் இத்தெருவிலேயே உள்ளது. அங்கு வணிகர்கள் உரத்த குரலில் விலை கூறி நடத்திய முன்பேர வணிகம் பின்னர்க் கணிப்பொறிக்கு மாறியது. சில்லறைக் கடைகளின் கணக்கும் இன்று கணிப்பொறியிலேயே உள்ளது. அக்கணிப்பொறி எங்கே இருத்தல் நன்று என்பதே இப்பாடத்தின் பொருள்.

கடலோரத்து உப்புக் காற்றும் ஈரமும் உலோகப் பகுதிகளை அரிக்கும். மின்தடை பதிவுகளைக் கெடுக்கும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் நெடும்பாசேரி விமான நிலையமே 15 முதல் 29-ஆம் தேதி வரை மூடப்பட்டிருந்தது. மாடிப்படியின் கீழ் வைத்த கடைக் கணிப்பொறி எம்மட்டு? சரக்கு, சேவை வரிச் சட்டப்படி, ஆண்டு அறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காத்தல் வேண்டும். எனவே பதிவு அழிவது சட்டச் சிக்கலுமாகும்.

பொதுத் தரவு மையத்தைப் பொதுப் பண்டகசாலைக்கு ஒப்பிடலாம். கட்டடம், காவல், குளிர்சாதனம், மின்கல அடுக்கு, டீசல் ஜெனரேட்டர் ஆகியவற்றின் செலவைப் பலர் பகிர்ந்துகொள்கின்றனர். ஆயினும் ஒருவர் சரக்கு மற்றவர் சரக்குடன் கலவாதது போல, ஒவ்வொருவர் பொறியும் பூட்டிய அடுக்கில் தனித்தே இருக்கும். பொறிகளுக்குச் செல்லும் காற்று பொதுவாக 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை வைக்கப்படுகிறது.

இடமாற்றத்தில் பின்பற்றத்தக்க முறை வருமாறு:

1. பொறிகள், நிரல்கள், அவற்றை நம்பியிருக்கும் வேலைகள் யாவற்றையும் பட்டியலிடுக.

2. பதிவுகளுக்கு இரண்டு படிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வைக்க. ஒரு படியிலிருந்து கணக்கை மீட்டுப் பார்க்க. மீட்டுப் பாராத படி, படியாகாது.

3. ஓணம் போன்ற நெருக்கடிக் காலத்தையும் மாதக் கடைசியையும் தவிர்க்க.

4. சில நாட்கள் இரு இடங்களிலும் கணக்கை நடத்தி, தொகைகள் ஒத்த பின்னரே பழைய பொறியை நிறுத்துக.

காலக் கணக்கும் இன்றியமையாதது. ஒரு டெராபைட் என்பது 8 இலட்சம் கோடி பிட். நொடிக்கு 10 கோடி பிட் செல்லும் இணைப்பில் அதனை அனுப்ப 80,000 நொடிகள், அஃதாவது ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். கடை மூடிய ஓரிரவு இதற்குப் போதாது.

ஒன்றை மறத்தலாகாது. மையம் பழுதின்றி இயங்கினும், கடைக்கு வரும் இணைப்பு அறுந்தால் விற்பனை நின்றுவிடும். ஆதலின் வெவ்வேறு வழியாக வரும் இரு இணைப்புகளும், இணைப்பின்றியும் பட்டியல் போடும் ஏற்பாடும் வேண்டும். கட்டடமும் மின்சாரமும் பொதுவாகலாம். கணக்கைக் காக்கும் பொறுப்பு என்றும் வணிகருடையதே.

மாணாக்கர்க்குப் பயிற்சி: 250 கிகாபைட் பதிவை, நொடிக்கு 5 கோடி பிட் செல்லும் இணைப்பில் அனுப்ப எவ்வளவு நேரமாகும்? (விடை: 40,000 நொடிகள், சுமார் 11 மணி.)