சட்டைப் பையில் இரண்டு சுளை

என் பீரோவில் துணிகளுக்கு அடியில் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. அதற்குள் இரண்டு உத்தரவுகள். ஒன்று குற்றவியல் நடுவர் கொடுத்தது: கணவர் என்னை நெருங்கக் கூடாது, போன் பண்ணித் தொந்தரவு செய்யக் கூடாது, பையன் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகக் கூடாது. இன்னொன்று கோவை குடும்ப நல நீதிமன்றம் கொடுத்தது: அதே மனிதர் மாதம் இரண்டு சனிக்கிழமை பையனைப் பார்க்கலாம்.

"ஒரு கோர்ட்டு வராதேங்குது, இன்னொரு கோர்ட்டு வாங்குது. இதென்ன ஞாயங் கண்ணு?" என்று அம்மா கேட்டார். அப்போது எனக்கும் அதே கேள்விதான். ஒன்றரை வருசம் அலைந்த பிறகு புரிந்தது: முதல் தாள் எனக்கானது, இரண்டாவது தாள் என் பையனுக்கானது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் நான் பட்ட பாட்டில் பாதி வந்தது. இனி இந்த வழியில் வருகிறவர்களுக்கு அந்தப் பாதியாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

பேச்சுக்குத் தாள் கிடையாது

கல்யாணம் ஆகிப் போனது பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் குடும்பத்துக்கு. 2022 ஆடியில் ஆறு வயசுப் பையனோடு சூலூர் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே பட்டதை இங்கே விவரிக்கப் போவதில்லை. மூன்று முறை பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். "கோர்ட்டு வாசலை மிதிச்சா அப்புறம் குடும்பம் சேராது சாமி" என்றார் பெரியப்பா. அவர் மனசு நல்ல மனசு. ஆனால் பேசி முடித்தது எதுவும் எழுத்தில் இல்லை. யார் மீறினாலும் கேட்க ஆள் இல்லை.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம் கணவர் பள்ளிக்கூட வாசலில் பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ராத்திரி ஒன்பது மணிக்குக் கொண்டுவந்து விட்டார். இடையில் இருந்த அந்த ஐந்து மணி நேரந்தான் என்னைக் கலெக்டர் ஆபீஸ் படி ஏற வைத்தது.

முதல் தாளுக்கு எங்கே போவது

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. இதன்படி மாவட்டத்துக்கென்று பாதுகாப்பு அலுவலர் உண்டு. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். நாம் சொல்வதை அவர் நிகழ்வு அறிக்கையாக எழுதி நடுவருக்கு அனுப்புவார். நேராக நடுவர் நீதிமன்றத்திலும் மனு போடலாம்.

எனக்கு இருந்த பெரிய சந்தேகம், பல்லடம் திருப்பூர் மாவட்டம் ஆயிற்றே, அங்கேதான் போக வேண்டுமோ என்பது. வேண்டியதில்லை. நாம் இப்போது தங்கியிருக்கும் ஊர், தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் சரி, அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே மனு போடலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்கச் சட்டமே சொல்கிறது. ஆணைக்குழுவின் உதவி எண் 15100. அவசரம் என்றால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

எனக்குக் கிடைத்த வக்கீல் அக்கா என் முதல் மனுவைப் படித்துவிட்டுக் கேட்டார்: "பையனோட பள்ளிக்கூடம் எங்க வருது இதுல?" நான் எழுதவே இல்லை. பயந்ததே அந்த வாசலுக்குத்தான், அதையே விட்டிருந்தேன். குழந்தையையும் மனுவில் சேர்த்து, பள்ளிக்கூடத்துக்கும், குழந்தை வழக்கமாகப் போகிற இடத்துக்கும் தடை கேட்கலாம். பள்ளியின் பெயர், விடும் நேரம், டியூஷன், அம்முச்சி வீடு என்று இடங்களைப் பேர் சொல்லி எழுதுங்கள். "அடிக்கடி கொடுமை செய்தார்" என்பதை விட "நவம்பர் 23, புதன், சாயங்காலம் நாலு மணி" என்பதற்கு மதிப்பு அதிகம்.

முதல் விசாரணையை மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும், 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நடப்பில் வாய்தா மேல் வாய்தா போகும். அதனால் மனுவோடு சேர்த்தே இடைக்கால உத்தரவும் கேளுங்கள்.

உத்தரவு கையில் வந்த பிறகு

உத்தரவின் நகல் காவல் நிலையத்துக்கும் போக வேண்டும், அதற்குக் காசு கிடையாது. போய்ச் சேர்ந்ததா என்று நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒரு நகலைத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்து, யார் வந்தால் பையனை அனுப்பலாம் என்று மூன்று பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வர முடியாத குற்றம் அது. மீறல் நடந்தால் வாய்ச்சண்டை போடாதீர்கள். தேதி, நேரம் குறித்து, போனில் வந்ததை அழிக்காமல் வைத்து, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

இதில் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, மனசு கேட்காமல் நானே கணவருக்கு இரண்டு தடவை போன் பண்ணினேன். அடுத்த வாய்தாவில் அந்த அழைப்புப் பட்டியலைக் காட்டி, "பயம் என்கிறார், அவரே கூப்பிடுகிறார்" என்று எதிர்த்தரப்பு வாதாடியது. விசாரிக்க வேண்டுமென்றால் உறவில் ஒருவரை விட்டு விசாரித்திருக்கலாம்.

இரண்டாவது தாள்

பாதுகாப்பு உத்தரவு வந்து இரண்டு மாதத்தில் கணவர் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, பையனைப் பார்க்க அனுமதி கேட்டு மனு போட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அதான் தடை உத்தரவு இருக்கே, எப்படிக் கேக்கலாம்?" என்றேன். வக்கீல் அக்கா பொறுமையாகச் சொன்னார்: "அது உன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுங்கற உத்தரவு. பையனுக்கு அப்பா வேணுமா வேண்டாமாங்கறதைக் கோர்ட்டு தனியாத்தான் பாக்கும்."

அப்படித்தான் பார்த்தார்கள். இந்த வழக்குகளில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது குழந்தையின் நலன். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம், ஐந்து வயது முடியாத குழந்தை பொதுவாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்கிறது. என் பையன் அந்த வயதைத் தாண்டியவன். யாஷிதா சாஹு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், பெற்றோர் இருவரின் அன்பும் கிடைப்பது குழந்தையின் உரிமை என்று சொல்லியிருக்கிறது. நேரில் பார்க்கும் உரிமையோடு, வீடியோ அழைப்பு போன்றவற்றில் பேசும் தொடர்பு உரிமையும் முக்கியம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

அதனால் "பார்க்கவே கூடாது" என்று மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டு, "எப்படிப் பார்த்தால் பையன் பத்திரமாக இருப்பான்" என்று கேட்கத் தொடங்கினோம். எங்களுக்குக் கிடைத்தது: மாதம் இரண்டு சனிக்கிழமை, காலை 10.30 முதல் 12.30 வரை, நீதிமன்ற வளாகத்திலேயே, ஆலோசகர் பார்வையில்.

இப்படி மேற்பார்வையோடு சந்திப்பு கேட்கிறவர்கள், உத்தரவில் இவையெல்லாம் எழுத்தில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்:

- எந்த இடம், எத்தனை மணி, பக்கத்தில் யார் இருப்பார்.
- குழந்தையை யார் அழைத்து வருவது. பாதுகாப்பு உத்தரவு இருந்தால் இருவரும் நேருக்கு நேர் பார்க்காமல் ஒப்படைப்பது எப்படி. நாங்கள் பையனோடு கிளம்பிக் கால் மணி கழித்துத்தான் அவர் வெளியே வர வேண்டும் என்று எழுதி வாங்கினோம்.
- அந்த இடத்தை விட்டு வெளியே அழைத்துப் போகலாமா, கூடாதா.
- காய்ச்சல், பரீட்சை என்றால் யாருக்கு, எப்போது தகவல் சொல்வது, மாற்று நாள் எது.
- எத்தனை மாதம் கழித்து மறுபடியும் பரிசீலிப்பது.

உறவில் சிலர், "வீட்டுக்கே வந்து பாத்துட்டுப் போகட்டுமே" என்றார்கள். பயந்து வந்தவளுக்கு வீடுதான் கடைசி இடம், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. குழந்தையைப் பார்க்க வரும் கணவரை விருந்தாளியாக உபசரிக்க வேண்டும் என்று தனி நீதிபதி சொன்னதை, இரண்டு நீதிபதிகள் அமர்வு ஏற்கவில்லை. பொது இடம் கேட்பதில் தப்பே இல்லை.

முதல் சனிக்கிழமை

சூலூரில் பஸ் ஏறி, சிங்காநல்லூரில் மாறி, பத்து மணிக்கே போய்விட்டோம். பையன் என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு விடவே இல்லை. ஆலோசகர் அம்மா மண்டி போட்டு அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, "அம்மா இந்தப் பெஞ்சிலயே இருப்பாங்க கண்ணு, கதவைத் திறந்தா தெரியும்" என்று சொன்ன பிறகுதான் உள்ளே போனான்.

இரண்டு மணி நேரம் நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவன் எதுவும் பேசவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சட்டைப் பைக்குள் கையை விட்டு இரண்டு ஆரஞ்சுச் சுளைகளை எடுத்தான். நசுங்கி, பை நனைந்து, நூல் பிசிறெல்லாம் ஒட்டியிருந்தது. "அப்பா உரிச்சுக் குடுத்தாரும்மா. உனக்கு" என்றான். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். ஆறு வயசுப் பிள்ளை இரண்டு மணி நேரமும் எனக்கு என்ன சமாதானம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறான். நான் சுளையை வாங்கித் தின்றேன். "இனிப்பா இருக்குது சாமி" என்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

ஏனென்றால் வீட்டுக்குப் போனதும் விசாரணை வைத்தேன். "என்ன கேட்டார்? அம்மாவைப் பத்திச் சொன்னாரா? ஊருக்கு வர்றியான்னாரா?" அடுத்த சந்திப்புக்கு முந்தின ராத்திரி பையன் படுக்கையை நனைத்தான். ஆலோசகரிடம் சொன்னபோது, "வந்ததும் பசிக்குதான்னு மட்டும் கேளுங்க. அவனா சொன்னா காது குடுங்க" என்றார். அன்றிலிருந்து அரிசிம்பருப்பு சாதத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். அவன் தானாகச் சொல்வதே போதுமான அளவு இருந்தது.

நான் செய்த இன்னொரு தவறு

ஒரு சனிக்கிழமை, காய்ச்சல் என்று பொய் சொல்லி அனுப்பாமல் விட்டேன். அந்த மாதம் ஜீவனாம்சப் பணம் வரவில்லை, அந்தக் கோபம். அடுத்த வாய்தாவில் நீதிபதி கேட்டது ஒரே கேள்வி: "டாக்டர் சீட்டு எங்கம்மா?" தலை குனிந்து நின்றேன். பணம் வராவிட்டால் அதற்குத் தனி மனு இருக்கிறது. பணத்துக்கும் பிள்ளைக்கும் முடிச்சுப் போட்டால் நம் பக்கத்து ஞாயமும் கெட்டுப்போகும்.

குழந்தை உண்மையிலேயே பயந்தால், உடம்பில் காயம் தெரிந்தால், அது வேறு. அப்போதும் நாமாக நிறுத்திவிட்டு வீட்டில் உட்காரக் கூடாது. உடனே ஆலோசகரிடம் சொல்லி, மருத்துவரிடம் காட்டி, உத்தரவை மாற்றச் சொல்லி மனு போட வேண்டும். குழந்தை பற்றிய உத்தரவு எதுவும் கல்லில் வெட்டியது இல்லை. நிலைமை மாறினால் கோர்ட்டு மாற்றும்.

இதைப் படிக்கும் அப்பாக்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மேற்பார்வை என்றதும் "திருடன் மாதிரி நடத்துறாங்க" என்று வராமல் இருந்துவிடாதீர்கள். நேரத்துக்கு வந்து, அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், பழம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆலோசகரின் அறிக்கையில் ஏறும். பையனின் அப்பா ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னை நெருங்கக் கூடாது என்ற உத்தரவும் இன்றைக்கு வரை அப்படியே இருக்கிறது.

இப்போது சந்திப்பு நான்கு மணி நேரமாகியிருக்கிறது. ஒப்படைப்பது மட்டும் அதே வளாகத்தில்தான். பையன் முந்தானையைப் பிடிப்பதில்லை, ஓடிப் போகிறான். போன வாரம் பஸ்ஸில் அவன் தூங்கிப்போனதும் பழக்கத்தில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து, காலியாக இருந்தது. கொடுத்த பழத்தையெல்லாம் அவனே தின்றிருக்கிறான்.