ஸ்கார்பரோவில் இருக்கும் மருமகளுக்கு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. கனடாவில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வந்துவிட்டது, இனி அங்கேயே அரசியலில் இறங்கப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால், "கேரி ஆனந்தசங்கரி மாதிரி வர வேண்டும்" என்றாயே, அதைக் கொஞ்சம் பேசுவோம்.

1983இல் சிறுவனாகக் கனடா போனவர் அவர். அப்பா ஆனந்தசங்கரி இலங்கை நாடாளுமன்றத்தில் இருந்தவர்தான். ஆனால் அந்தப் பெயர் மட்டும் மகனை எம்.பி. ஆக்கிவிடவில்லை. டொராண்டோவில் தமிழ்ப் பையன்கள் கோஷ்டி சேர்ந்து மோதிக்கொண்ட காலத்தில், அவர்களை மீட்க உழைத்த இளைஞர் அமைப்பில் இருந்தார். பிறகு வக்கீல் தொழில். 2015இல்தான் ஸ்கார்பரோ-ரூஜ் பார்க் தொகுதியின் எம்.பி. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவிக்க அவர் கொண்டுவந்த தீர்மானம் 2016இல் நிறைவேறியதை நம் ஊரில் எல்லோரும் கொண்டாடினோம்.

என்னை அதைவிட அசைத்தது 2023. கனடாவின் பூர்வகுடி மக்களுக்கும் அரசுக்கும் இடையிலான உறவைக் கவனிக்கும் அமைச்சரானார். போரால் மண்ணை விட்டுப் போன சமூகத்தின் பிள்ளை, நிலத்தைப் பறிகொடுத்த வேறொரு மக்களிடம் அரசின் சார்பில் பதில் சொல்லப் போய் உட்கார்ந்தார். நீயும் ஒருநாள் அப்படி உட்கார நேரும். அங்கே "நம்மவர்" என்ற பேச்சு எடுபடாது அம்மா. உன் தொகுதியில் தமிழ் தெரியாதவரின் வழக்கும் உன் வழக்குதான்.

உன் தாத்தாவை நினைத்துப் பார். பாவு வாங்க வருகிறவர்கள் அப்படியே நம் திண்ணையில் வந்து நிற்பார்கள். ஒருவருக்குக் கூலிப் பாக்கி, இன்னொருவருக்கு முதியோர் பென்ஷன். தறிக்குழியிலிருந்து எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, மனு எழுதிக் கொடுப்பார். யார், என்ன சாதி, எந்தக் கட்சி என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அங்கே எம்.பி. அலுவலகங்களில் நடப்பதும் பாதிக்கு மேல் இந்த வேலைதான்: விசா, பென்ஷன், பாஸ்போர்ட்.

தோல்விக்கும் தயாராக இரு. அந்த நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினர் ராதிகா சிற்சபைஈசன், யாழ்ப்பாணத்திலிருந்து ஐந்து வயதில் போனவர். 2011இல் ஜெயித்தார், 2015இல் தோற்றார். நம் அண்ணாவே 1962இல் சொந்த ஊரான இதே காஞ்சிபுரத்தில் தோற்றவர்தானே? அதே ஆண்டு மாநிலங்களவைக்குப் போனார், 1967இல் முதலமைச்சர்.

இன்னொன்று. ஓட்டுப் போடவும் தேர்தலில் நிற்கவும் கனடாக் குடியுரிமை வேண்டும். அதை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இரண்டையும் வைத்துக்கொள்ள நம் சட்டம் இடம் தராது. அவசரத்தில் முடிவு செய்யாதே. உன் அம்மாவிடம் இதை நீயே உட்கார வைத்துச் சொல், அடுத்தவர் வாயால் அவள் கேட்கக் கூடாது.

கட்சி வேலைக்கு பி.ஆர். போதும். நீ இருக்கும் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்தில் தொண்டராகச் சேர முடியுமா என்று கேள். யார் யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா