எரிவாயு மணமா, வேறொன்றா? நோயாளர் இருக்கும் வீட்டில் தேடிக் கண்டறியும் முறை

வீட்டில் எரிவாயு கசிவதுபோல் மணம் எழுந்தால் நலமாக இருப்பவர்கள் வாசலுக்கு ஓடிவிடலாம். படுக்கையில் இருப்பவரால் அது இயலாது. ஆகவே, நோயாளர் ஒருவரைப் பராமரிக்கும் குடும்பத்தினர் இந்த மணத்தைப் பற்றிச் சற்றுக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும். எங்கள் இல்லப் பராமரிப்புச் செவிலியர் ஒருவர் சென்ற வீட்டில் நேர்ந்ததை, குடும்பத்தினரின் இசைவோடு அடையாளங்களைத் தவிர்த்து, இங்கே பாடமாகத் தருகிறோம்.

பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய முதியவர் அவர். வலக்கையும் வலக்காலும் செயலிழந்திருந்தன; பேச்சும் தெளிவாக வரவில்லை. மாடி ஏற இயலாததால், அவருடைய கட்டிலைக் கீழ்க்கூடத்தில் மாடிப்படியை ஒட்டிப் போட்டிருந்தார்கள். செவிலியர் சென்ற அன்று மருமகள் தயங்கியபடியே சொன்னார்: “மூணு நாளா காஸ் வாசனை அடிக்குது சிஸ்டர். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.” மாமியாருக்கு எந்த மணமும் தெரியவில்லை. கணவரோ காலையில் வேலைக்குச் சென்று இரவில் திரும்புபவர். அவர் இருக்கும் நேரத்தில் மணம் வரவில்லை. எரிவாயு முகவரிடமிருந்து வந்த பணியாளர் ரப்பர் குழாயை மாற்றி, சோப்பு நீர் தடவிப் பார்த்து, கசிவு இல்லை என்று சொல்லிச் சென்றிருந்தார். அதன் பிறகும் மணம் வந்தது. அது வீண் அச்சம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

அது வீண் அச்சம் அன்று. காரணத்தைச் சொல்வதற்கு முன், இந்த மணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம்.

மணம் ஓர் எச்சரிக்கை

சமையல் எரிவாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்களின் கலவை. இயல்பில் அதற்கு மணமில்லை. கசிவை மனிதர் உணரவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தை மிகச் சிறிதளவு அதில் கலக்கிறார்கள். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில், மணமற்ற இயற்கை எரிவாயு கட்டடத்தின் அடியில் தேங்கி வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர்; அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். அதன் பின்னரே எரிவாயுவில் மணமூட்டியைச் சேர்க்க வேண்டும் என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது. அவ்வழக்கம் பிற இடங்களுக்கும் பரவியது.

காற்றில் ஏறத்தாழ 2 முதல் 9 விழுக்காடு வரை சமையல் எரிவாயு கலந்திருந்தால் ஒரு தீப்பொறியே அதைப் பற்றவைக்கப் போதுமானது. அந்த அளவை எட்டுவதற்கு வெகு முன்னரே மூக்கு உணரும்படி மணமூட்டி சேர்க்கப்படுகிறது. ஆகவே மணம் தெரியும்போது செயல்படுவதற்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை வீட்டாரோடு வாதிட்டுக் கழிக்கக் கூடாது.

முதலில் செய்ய வேண்டியவை

காரணம் எதுவாக இருந்தாலும், மணம் தெரிந்தவுடன் அதை எரிவாயுக் கசிவு என்றே கொள்ளுங்கள்.

1. அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி ஆகியவற்றை அணையுங்கள். தீக்குச்சி கிழிக்காதீர்கள்.

2. மின்விசைகளைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். விசையைத் தொடும்போது உள்ளே சிறு பொறி எழும். புகைபோக்கி விசிறிக்கும் அழைப்பு மணிக்கும் இது பொருந்தும்.

3. ஒருவர் அடுப்பின் திருகுகளையும் ரெகுலேட்டரையும் மூடட்டும். அதே வேளையில் மற்றொருவர் நோயாளரை வெளியே கொண்டு செல்லட்டும். ஒருவர் மட்டுமே இருந்தால் நோயாளரே முதலில். தூக்க இயலாவிட்டால் படுக்கை விரிப்போடு தரையில் இழுத்துச் செல்லலாம். சிறுநீர்க் குழாயோ உணவுக் குழாயோ பொருத்தியிருந்தால் அது எதிலும் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. கதவுகளையும் சன்னல்களையும் திறந்துவிடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தாழ்வான இடத்தில் தேங்கும். ஆதலால் உயரத்தில் உள்ள சன்னலைவிடத் தரைவரை திறக்கும் கதவே மிகுதியாகப் பயன்படும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரே முதலில் இடருக்கு உள்ளாவார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

5. வெளியே வந்த பிறகு கைப்பேசியில் 1906 என்னும் எண்ணை அழையுங்கள். எரிவாயுக் கசிவுக்கென நாடு முழுவதும் 24 மணி நேரமும் இயங்கும் உதவி எண் இது. மணம் கடுமையாக இருந்தாலோ ‘உஸ்’ என்ற ஒலி கேட்டாலோ, தேடும் வேலையில் நீங்கள் இறங்க வேண்டாம். தீயணைப்புத் துறையை 101 எண்ணில் அழையுங்கள்.

வீட்டில் ஆக்ஸிஜன் பெறுபவர் இருந்தால் ஒரு முன்னேற்பாடு வேண்டும். ஆக்ஸிஜன் தானாக எரியாது. ஆனால் எரிவதை மிகக் கடுமையாக்கும். வெளியே செல்ல நேர்ந்தால் பயன்படுத்துவதற்காகச் சிறிய ஆக்ஸிஜன் உருளை ஒன்றை வாசலருகே நிமிர்த்தி வைத்திருக்க முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அவசரத்தில் ஆக்ஸிஜன் செறிவூட்டியின் விசையைத் தொடாமல் நோயாளரை அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள்.

தேடும் முறை

மணம் இலேசானதாக இருந்து, வீடு நன்கு காற்றாடிய பின்னரே தேடத் தொடங்கலாம். நெருப்பைக் காட்டிச் சோதிப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். சோப்பைக் கரைத்த நீரும் ஒரு தூரிகையும் போதும். அடுப்பின் திருகுகள் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, உருளையின் வாய், ரெகுலேட்டர் பொருந்தும் இடம், ரப்பர் குழாயின் இரு முனைகள், அதன் முழு நீளம், அடுப்புத் திருகுகளின் அடிப்பகுதி என வரிசையாகத் தடவுங்கள். குமிழிகள் தோன்றிப் பெருகும் இடமே கசிவிடம்.

உருளையின் வாயில் குமிழி தோன்றினால், ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் கட்டியுள்ள மூடியை அழுத்திப் பொருத்தி, உருளையைத் திறந்த வெளியில் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைக்கக் கூடாது. சாய்ந்த உருளையிலிருந்து வாயுவுக்குப் பதிலாகத் திரவம் வெளிவரும். அது வாயுவாக மாறும்போது ஏறத்தாழ 250 மடங்கு விரியும். குழாயில் வெடிப்புத் தெரிந்தால் அதன்மேல் நாடா சுற்றிச் சமாளிக்க வேண்டாம். கம்பி வலையிட்ட சுரக்ஷா குழாயையும் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

உருளை தீரும் தறுவாயில் கசிவு இல்லாமலேயே மணம் மிகுவதுண்டு. மணமூட்டி எரிவாயுவைவிடத் தாமதமாக ஆவியாவதால் அடியில் எஞ்சும் திரவத்தில் அதன் செறிவு கூடுகிறது. ஆயினும் சோப்பு நீர்ச் சோதனைக்குப் பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும்.

குமிழி தோன்றாவிட்டால்

இங்கேதான் பலரும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். அந்த வீட்டாரும் அவ்வாறே நிறுத்தினார்கள். ஆனால் கந்தக மணம் எரிவாயு உருளையிலிருந்து மட்டும் வருவதன்று. வறண்டுபோன கழிவுநீர்க் குழாய், பரணில் செத்த எலி, கூடையில் அழுகிய வெங்காயம் ஆகியனவும் அதுபோன்ற மணத்தைத் தரும்.

எங்கள் செவிலியர் மருமகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, மணம் வரும் நேரத்தையும் இடத்தையும், அப்போது வீட்டில் என்ன நடந்தது என்பதையும் இரண்டு நாள் எழுதச் சொன்னார். மணம் வரும்போதெல்லாம் கதவைத் திறந்து, மாமனாரைச் சக்கர நாற்காலியில் வாசலுக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். மறுநாளே விடை தெரிந்துவிட்டது. சமையல் நேரத்தில் மணம் இல்லை. மின்சாரம் நின்று மீண்டும் வந்த பிறகே மணம் எழுந்தது. சமையலறையைவிட மாடிப்படியருகே மிகுந்திருந்தது. படியின் அடியில், துணி போட்டு மூடியபடி, இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தது. தொட முடியாத அளவு சூடேறி, அதன் பக்கச் சுவர் புடைத்திருந்தது.

பழுதான ஈய அமிலப் பேட்டரி அளவுக்கு மீறி மின்னேற்றம் பெறும்போது, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனோடு, அழுகிய முட்டை மணமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடும் வெளிப்படலாம். இது நச்சு வாயு. கண் எரிச்சல், தலைவலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றை உண்டாக்கும். செறிவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்யும். மணம் நின்றுவிட்டது என்று நாம் ஏமாறுவோம். அந்தப் பேட்டரியிலிருந்து முதியவரின் தலையணை மூன்றடி தூரத்தில் இருந்தது. காற்று மெத்தையின் மோட்டாரும் இன்வெர்ட்டரில் இணைக்கப்பட்டிருந்ததால், அவர் வீடு திரும்பிய நாள் முதல் பேட்டரியின் வேலை கூடியிருந்தது.

இத்தகைய நிலையில் பேட்டரியின் முனைகளைத் தொடாதீர்கள். நோயாளரை அகற்றி, கதவுகளைத் திறந்து, மணம் இல்லாத இடத்தில் முதன்மை மின்விசை இருந்தால் அதை அணைத்து, மின்பணியாளரை அழையுங்கள். அந்த வீட்டாரும் அதையே செய்தார்கள். பேட்டரி மாற்றப்பட்டு, காற்றோட்டமுள்ள பின்கட்டுக்குச் சென்றது.

யாருடைய மூக்கை நம்புவது?

மாமியாருக்கு மணம் தெரியாததன் காரணமும் பிறகு விளங்கியது. கொரோனாத் தொற்றுக்குப் பின் அவருக்கு நுகரும் திறன் முழுமையாகத் திரும்பவில்லை. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. முதுமை, நடுக்குவாத நோய், தலைக்காயம், மூக்கடைப்பு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் இத்திறன் குறையும். நல்ல மூக்கும் ஒரே மணத்தைத் தொடர்ந்து நுகர்ந்தால் சில நிமிடங்களில் பழகிப்போகும். எனவே பத்துப் பேர் ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதால், ஒருவர் ‘தெரிகிறது’ என்பது பொய்யாகிவிடாது. ஐயம் எழுந்தால் வெளியே சென்று சற்று நேரம் நின்று, மீண்டும் உள்ளே வந்து நுகர்ந்து பாருங்கள். வீட்டில் யாருடைய மூக்கு நன்றாக வேலை செய்கிறது என்பதை ஏலக்காய், காப்பித்தூள் போன்றவற்றைக் கொண்டு முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம்.

அந்த வீட்டில் இன்னொருவருக்கும் மணம் தெரிந்திருந்தது. முதியவர் இரண்டு நாளாகக் கண்களைக் கசக்கிக்கொண்டே இடக்கையால் மாடிப்படியைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். தம் பழைய அறைக்குப் போக விரும்புகிறார் என்று எண்ணி, “கால் சரியானதும் போகலாம்பா” என்று மகன் தேற்றியிருக்கிறார். பேச இயலாதவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சுட்டினால், அவர் கை காட்டும் திசையில் சென்று பார்த்துவிட்டு வந்து, “இதுவா?” என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று தலையசைக்க அவரால் முடியலாம்.

எங்கள் பங்கிலும் ஒரு குறை இருந்தது. அவரை வீட்டுக்கு அனுப்பும்போது கழிவறை எத்தனை அடி தூரம், படிகள் எத்தனை என்றெல்லாம் கேட்டோம். கட்டிலைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு குடும்பத்தினரிடமும் அதைக் கேட்கிறோம். இதை வாசிக்கும் நீங்களும் இன்று ஒருமுறை நோயாளரின் தலையணைப் பக்கம் அமர்ந்து, சுற்றிலும் பாருங்கள். மூச்சை இழுத்து நுகருங்கள். ஐயமாக ஏதேனும் தோன்றினால் எங்கள் செவிலியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.