காலை உணவுக்குப் பிளாக் புட்டிங்: கடையில் பார்த்து வாங்குவது எப்படி?

ஆடு மாடுகளின் உடல் எடையில் ஏறக்குறைய 7 முதல் 8 சதம் ரத்தமாகும். 25 கிலோ எடையுள்ள ஆட்டில் சுமார் 2 கிலோ ரத்தம் இருக்கும்; அறுக்கும்போது அதில் பாதியளவே வெளியே வடிகிறது. நம் ஊர்களில் அந்த ஒரு கிலோவும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சின்ன வெங்காயம், மிளகாய், தேங்காய்த் துருவலுடன் ரத்தப் பொரியலாகி இட்லிக்குத் துணையாகும். இல்லாவிட்டால் சாக்கடையில் போகும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதே ரத்தத்தைத் தானியம், கொழுப்பு, வெங்காயத்துடன் கலந்து, குடலில் அடைத்து, வெந்நீரில் வேகவைத்து, பிளாக் புட்டிங் என்ற பெயரில் விற்கிறார்கள். அதை வட்டமாக நறுக்கிச் சுட்டு, முட்டையுடன் காலை உணவாக உண்பது அங்கே வழக்கம்.

இதை நாம் ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். படிப்புக்கும் வேலைக்கும் அங்கு சென்றுள்ள நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் வேறு. சிறு விவசாயியின் வீட்டில் பிறந்த பண்டம் கடைப் பொருளாக மாறும்போது, விவசாயியின் விளைபொருளுக்கு அதில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதைப் பொட்டலத்தின் மேலுள்ள சீட்டைப் படித்தே கண்டுகொள்ளலாம். பிளாக் புட்டிங் இதற்கு நல்ல பாடம்.

குடியானவன் வீட்டுப் பண்டம்

ஸ்காட்லாந்தின் வடமேற்கே லூயிஸ் என்னும் தீவு உள்ளது. அதன் தலைநகர் ஸ்டோர்னோவே. அங்குள்ள சிறு நிலக்காரர்களைக் 'கிராஃப்டர்' என்பார்கள். சில ஏக்கர் சொந்தச் சாகுபடி, ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம், சில ஆடுகள், ஒன்றிரண்டு மாடுகள் என்பதே அவர்களது பண்ணை. குத்தகை நிலத்திலிருந்து அவர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பு 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. குளிர்காலத்துக்கு முன் ஓர் ஆட்டை அறுத்தால் அதில் எதையும் வீணாக்க இயலாத வாழ்க்கை. ரத்தத்தை ஏந்தி, வீட்டிலிருந்த ஓட்ஸ் நொய்யையும் கொழுப்பையும் கலந்து வேகவைத்தார்கள். அவர்களது கேலிக் மொழியில் இதற்கு 'மாரக் டூ' என்று பெயர்.

கோதுமை இல்லாமல் ஓட்ஸ் ஏன் வந்தது? லூயிஸ் தீவின் மண் பெரும்பாலும் அமிலத்தன்மையுள்ள, நீர் தேங்கும் மட்கு மண். கோடையிலும் பகல் வெப்பம் சராசரியாக 16 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். கோதுமை அங்கே முற்றுவது கடினம். ஓட்ஸ் பயிரோ குளிரையும் ஈரத்தையும் புளித்த மண்ணையும் தாங்கும். ஆக, அந்தப் புட்டிங்கின் சுவை அந்த மண்ணின் குணத்திலிருந்தே வந்தது எனலாம்.

தானியத்தைப் பாருங்கள்

நல்ல புட்டிங்கை அடையாளம் காண நான் முதலில் பார்ப்பது ரத்தத்தை அல்ல, தானியத்தை. பயிரியல் படித்தவனின் பார்வை என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் ரத்தத்தை மட்டும் வேகவைத்தால் அது ரப்பர் போல இறுகிவிடும். அதன் ஈரத்தையும் உருகும் கொழுப்பையும் பிடித்துவைத்து, வாயில் உதிரும்படி செய்வது தானியமே.

ஓட்ஸ் மணியை இரண்டு மூன்று துண்டாக உடைத்த நொய் சேர்த்திருந்தால், நறுக்கிய முகத்தில் வெளிறிய புள்ளிகளாகத் தானியம் தனித்தனியே தெரியும். மென்றால் கடிபடும். இங்கிலாந்தில் முன்பு லங்காஷையரைச் சேர்ந்திருந்த பரி என்ற ஊரின் புட்டிங்கில் பார்லியும் சேர்ப்பது உண்டு. வெள்ளைக் கொழுப்புக் கட்டிகளும் கண்ணுக்குத் தெரியும். அங்கே வெந்நீரில் சூடாக்கி, பிளந்து, வினிகர் அல்லது கடுகு விழுது தடவிச் சந்தையிலேயே நின்று உண்பார்கள். மலிவான வகைகளிலோ கோதுமை ரஸ்க் தூளைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அது நிறையத் தண்ணீரை உறிஞ்சும், எடை கூடும். நறுக்கிய முகம் ஒரே சீராக, களி போலத் தோன்றும். சுடும்போது மேலே மொறுமொறுப்பாகாமல் மாவு வாடை வீசும். இரண்டையும் ஒரே வாணலியில் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் வேறுபாட்டைச் சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை.

இவ்விடத்தில் கம்பு பயிரிடுவோருக்கு ஒரு செய்தி. ஓட்ஸில் கொழுப்பு 6 முதல் 7 சதம். கோதுமையைப் போல் மூன்று மடங்கு. அரைத்தவுடன் தானியத்திலுள்ள லைப்பேஸ் என்ற நொதி இக்கொழுப்பைச் சிதைப்பதால் மாவு சில நாட்களில் கசந்துவிடும். எனவே ஓட்ஸை ஆவியிலோ சூளையிலோ சூடாக்கி, நொதியைச் செயலிழக்கச் செய்த பின்பே அரைக்கிறார்கள். நம் கம்பு மாவு சீக்கிரம் கசப்பதற்கும் காரணம் இதே நொதிதான். கம்பைச் சிறிது நேரம் கொதிநீரில் இட்டு வடித்து, நன்கு காயவைத்து அரைத்தால் மாவு கூடுதல் நாட்கள் கெடாமலிருக்கும். மாவாக விற்க எண்ணும் உழவர் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரத்தம் புதியதா, பொடியா?

அறுத்தவுடன் ஏந்திய ரத்தத்தைக் கிளறிக்கொண்டே இருந்தால், அதை உறையச் செய்யும் நார்ப்புரதம் நூல் நூலாகக் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்துவிடும். மீதி ரத்தம் உறையாமல் நிற்கும். அதைத்தான் கலவைக்குப் பயன்படுத்துவார்கள். சுமார் 75 டிகிரி வெப்பத்தில் அதன் புரதம் கெட்டிப்படும். நீர் தளதளவென்று கொதித்தால் குடலுறை வெடித்துவிடும். ஆகவே 80 டிகிரியை ஒட்டிய சூட்டில் நிதானமாக வேகவைப்பார்கள். புட்டிங்கின் கருமை சாயத்தால் வருவதன்று. ரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபின் வெப்பத்தில் மாறுவதால் வருகிறது.

இன்று பெரிய தொழிற்சாலைகள் பெரும்பாலும் உலர்ந்த ரத்தப் பொடியையே பயன்படுத்துகின்றன. அதில் கணிசமான பகுதி ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது. புது ரத்தத்தைச் சுத்தமாக ஏந்தி, உடனே குளிரவைத்து, விரைவில் பயன்படுத்த வேண்டும். சிறிய இறைச்சிக் கூடங்களுக்கு அது செலவு பிடிக்கும் வேலை. பொடியை மூட்டையாக அடுக்கி வைக்கலாம். பொடியால் செய்தது கேடானது என்று நான் சொல்ல வரவில்லை. இரும்புச் சத்தும் புரதமும் அதிலும் உண்டு. ஆனால் உள்ளூர் ஆட்டின் ரத்தம் ஓடையில் போக, வெளிநாட்டுப் பொடியைத் தண்ணீரில் கரைத்து உள்ளூர்ப் பண்டம் என்று விற்பதில் உள்ளூர்க் கால்நடை வளர்ப்போருக்கு என்ன லாபம்? அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்திலுள்ள ஸ்னீம் ஊர்க் கசாப்புக் கடைக்காரர்கள் புது ரத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் குடலில் அடைக்காமல் தட்டில் ஊற்றி வேகவைத்து, சதுரமாக நறுக்கி விற்கிறார்கள்.

இரும்புச் சத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 முதல் 12 கிராம் இருக்கும் என்று கொண்டால், கிராமுக்கு 3.4 மில்லி கிராம் வீதம் 34 முதல் 40 மில்லி கிராம் இரும்பு கிடைக்கும். கீரை, தானியங்களிலுள்ள இரும்பைவிட இதை உடல் எளிதாக ஏற்றுக்கொள்ளும். புட்டிங்கில் மற்றப் பொருள்களும் கலந்திருப்பதால் இந்த அளவு குறையும். கொழுப்பும் உப்பும் அதிகமாதலால் ரத்த அழுத்தம் உள்ளோர் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சீட்டைப் படிக்கும் முறை

பொட்டலச் சீட்டில் சேர்மானங்களை எடையின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது பிரிட்டனில் சட்டம். இந்தியாவிலும் அப்படியே. எனவே முதல் நான்கு பெயர்களைப் படித்தாலே போதும். ரத்தம், ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம் ஆகியவை முன்வரிசையில் நின்றால் நம்பி வாங்கலாம். தண்ணீர் முதலில் வந்து, 'உலர்ந்த ரத்தம்' பின்னால் வந்தால் அது பொடிச் சரக்கு. கோதுமை ரஸ்க் ஓட்ஸுக்கு முன்னே நின்றால் அந்தப் பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிடலாம். பன்றி அல்லது மாட்டிறைச்சி விலக்குவோர் ரத்தம், கொழுப்பு, குடலுறை மூன்றும் எந்த விலங்கினுடையவை என்று தனித்தனியே பார்க்க வேண்டும். ஆட்டு ரத்தப் புட்டிங்கில்கூட மாட்டின் சிறுநீரகக் கொழுப்பு இருக்கக்கூடும்.

பெயருக்குள்ள மதிப்பும் அதன் எல்லையும்

லூயிஸ் தீவின் புட்டிங்குக்கு நல்ல பெயர் வந்ததும், தீவுக்கு வெளியே செய்தவர்கள் 'ஸ்டோர்னோவே பாணி' என்று அச்சிட்டு விற்கத் தொடங்கினார்கள். தீவின் கசாப்புக் கடைக்காரர்கள் ஒன்று சேர்ந்து முயன்றதில், 2013-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் அப்பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. அதன்பின் 'பாணி', 'வகை' என்று ஒட்டுச் சொல் சேர்த்தும் பிறர் அப்பெயரைப் பயன்படுத்த முடியாது. பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு, 2021 ஜனவரி முதல் அந்நாட்டின் தனித் திட்டத்திலும் அப்பாதுகாப்பு தொடர்கிறது. கடையில் ஐயமிருந்தால் அந்த முத்திரையைப் பார்த்து வாங்குவதே நான் சொல்லும் வழி.

ஆயினும் முத்திரையின் பொருளைச் சரியாக அறிய வேண்டும். ஐரோப்பாவில் இப்பாதுகாப்பு இரண்டு வகை. ஒன்றில் மூலப்பொருள் முதல் முடிந்த பொருள் வரை எல்லாம் அந்தப் பகுதியிலேயே நடந்தாக வேண்டும். மற்றொன்றில் உற்பத்தியின் ஏதேனும் ஒரு நிலை அங்கே நடந்தால் போதும். ஸ்டோர்னோவே புட்டிங் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. தீவில் செய்தது என்பதற்கு முத்திரை சான்று. ஓட்ஸ் அத்தீவில் விளைந்தது என்பதற்குச் சான்று அன்று. செய்பவருக்குக் கிடைத்த அரண், விளைவிப்பவருக்கும் தானாகவே கிடைத்துவிடாது.

நம்மிடமும் இதே நிலை உண்டு. 1999-இல் இயற்றி 2003 முதல் நடைமுறையிலுள்ள புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ், பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆகியவை 2019-லும், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-லும் பதிவு பெற்றன. வாழையும் பாலும் கடலையும் விளைவிப்பவர் நீங்கள். உங்கள் ஊர்ப் பொருளுக்கு இத்தகைய பதிவு கோரிச் சங்கம் அமைக்கும்போது, விண்ணப்பத்துடன் தரும் பொருள் விவரத்தில் மூலப்பொருள் எங்கே விளைந்தது, எந்த ரகம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பதிவான பின் அதைத் திருத்துவது எளிதல்ல. பதிவு 10 ஆண்டுகளுக்கே செல்லும். பின் புதுப்பிக்க வேண்டும். சங்கம் பதிவு செய்துவிட்டது என்று இருந்துவிடாமல், பொருளை உற்பத்தி செய்வோர் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியே பதிந்துகொள்ள வேண்டும். பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது.

சமைப்பதும் காப்பதும்

கடைப் புட்டிங் ஏற்கெனவே வெந்தது. ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கி, மிதமான சூட்டில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் வாட்டினால் போதும். எண்ணெய் தேவையில்லை, அதன் கொழுப்பே கசியும். தீயை அதிகமாக்கினால் உதிர்ந்துவிடும். பிரித்த பொட்டலத்தைக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாட்களுக்குள் உண்டுவிட வேண்டும்.

நம் ஊரில் ரத்தம் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. நல்ல ஆட்டைக் கண்ணெதிரே அறுத்து, சுத்தமான பாத்திரத்தில் ஏந்திய ரத்தத்தையே வாங்குங்கள், அன்றே சமைத்துவிடுங்கள். திடீரென இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் கருத்த ரத்தம் உறையாமல் வடியும் ஆடு மாடு அடைப்பான் நோயால் இறந்திருக்கக்கூடும். அதை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. இந்நோய் மனிதருக்கும் பரவும். அதன் கிருமி மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்து, அவர் சொல்லும் முறைப்படி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.