வாய்ப் புற்றுநோய்: மரபணு எதைச் சொல்லும்?

"வாப்பாவுக்கு வாயில் புற்றுநோய் என்கிறார்கள். மரபணுவைச் சோதித்தால் பிழைப்பாரா என்று தெரிந்துவிடுமாமே? எங்களுக்கும் வருமா?" சில குடும்பங்களில் எழும் கேள்வி இது.

நம் செல்கள் ஒவ்வொன்றிலும் டிபி53 என்ற மரபணு உண்டு. கெட்டுப்போன செல் பெருகாமல் தடுக்கும் காவலாளி அது. வாய்ப் புற்றுக் கட்டிகளில் பெரும்பாலும் பழுதாகியிருப்பது இதுதான். அதன் சில வகைப் பழுதுகள் உள்ளவர்கள் சிகிச்சைக்குப் பின் வாழும் காலம் பொதுவாகக் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. உங்கள் வாப்பாவின் முடிவை அது சொல்லிவிடாது.

இந்தப் பழுது பெரும்பாலும் பரம்பரையாக வருவதுமல்ல. புகையிலையும் பாக்கும் ஆண்டுக்கணக்கில் வாயில் உண்டாக்குவது. ஆகவே நோயை மறைக்கவோ, அந்த வீட்டில் சம்பந்தம் செய்யத் தயங்கவோ வேண்டியதில்லை.

மருத்துவர் முதலில் பார்ப்பது கட்டியின் அளவு, ஆழம், கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா என்பவற்றையே. இம்மூன்றும் நாம் எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதைப் பொறுத்தவை.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம் இவற்றில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. நிக்காஹ் வீட்டு வெற்றிலைத் தட்டிலிருந்தே நாம் மாற்றத்தைத் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.