சொல்லும் குழந்தையர் காப்பும்

ஆபாசம் என்னும் சொல் என்றும் ஒரே அளவுகோலில் நின்றதில்லை. 1868இல் இங்கிலாந்தில் எழுந்த ஹிக்ளின் வழக்கு, படிப்பவர் உள்ளத்தைக் கெடுக்கும் இயல்பையே அளவாகக் கொண்டது. 1964இல் 'லேடி சாட்டர்லியின் காதலன்' நூலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடையினரின் தண்டனையை நம் உச்ச நீதிமன்றம் அவ்வளவைக் கொண்டே உறுதி செய்தது; 2014இல்தான் அதனைக் கைவிட்டது.

இவையெல்லாம் பார்ப்பவரை எண்ணியவை. படமாக்கப்படும் குழந்தையை முன்னிறுத்திய சட்டங்கள் பின்னரே வந்தன; 2012ஆம் ஆண்டின் போக்சோ அவற்றுள் தலையாயது. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், இத்தகு படங்களைக் கைப்பேசியில் இறக்கித் தனிமையில் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்றது. செப்டம்பர் 23இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது.

தமிழ் கற்பிக்கும் நம்மை ஈர்ப்பது அதன் பிறிதொரு கூறு. 'குழந்தை ஆபாசம்' என்னும் தொடரை நீதிமன்றங்கள் ஆளலாகாது. 'குழந்தைப் பாலியல் சுரண்டல், வன்கொடுமைப் பொருள்' என்றே வழங்க வேண்டும் என்று அது பணித்தது. நாவுக்கு எளிய தொடரன்றுதான். ஆயினும் 'ஆபாசம்' என்றால் நாணம் முன்நிற்கும். 'வன்கொடுமை' என்றால் இழைக்கப்பட்ட தீங்கு முன்நிற்கும். நம் இல்லங்களிலோ, 'சீ, அசிங்கம்' என்று பிள்ளையின் வாயை அடைக்கிறோம். படம் காட்டி மிரட்டுபவனுக்கு அம்மௌனமே துணை. 1098ஐக் கட்டணமின்றி அழைக்கலாம். மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்தில் பெயர் கூறாமலும் முறையிடலாம்.